கிட்னியும் கணினியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சிறுநீரக நோய் ஆராய்ச்சியில் தரவு அறிவியலும் செயற்கை நுண்ணறிவும் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்று போன மாதம் இந்தப் பக்கத்தில் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பல, லேப் ரிப்போர்ட்டின் புகைப்படத்தோடு வந்தவை. தனிப்பட்ட சிகிச்சை கேட்டவர்களுக்கு இங்கே பதில் சொல்வது முறையல்ல. உங்களைப் பார்க்கிற டாக்டரிடம் காட்டுங்கள். பலருக்கும் பொதுவாக இருக்கிற சந்தேகங்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அரசு மருத்துவமனையில் சிறுநீரகப் பிரிவில் பல வருடம் இருந்துவிட்டு, இப்போது நோயாளிகளின் தரவுகளை ஆராய்கிற குழு ஒன்றில் வேலை செய்கிறேன். வார்டிலும் கணினி முன்னாலும் பார்த்ததை வைத்துத்தான் எழுதுகிறேன்.

எனக்கு வயது 68. கிரியாட்டினின் 1.1. ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்றுதான் இருக்கிறது. ஆனால் அதற்குக் கீழேயே ‘ஈ.ஜி.எஃப்.ஆர். 55’ என்று போட்டிருக்கிறார்கள். என் மகன் ஏதோ ஏ.ஐ. செயலியில் போட்டுப் பார்த்துவிட்டு ‘மூன்றாம் நிலை கிட்னி நோய்’ என்கிறான். எதை நம்புவது?
*ஓய்வுபெற்ற ஆசிரியை, திண்டுக்கல்*

டீச்சர், இரண்டு எண்ணும் சரி. செயலி சொன்ன முடிவுதான் அவசர முடிவு.

கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து வருகிற கழிவு. சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. ரத்தத்தில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்பது சிறுநீரகத்தைப் பொறுத்தது மட்டுமல்ல, உங்கள் உடம்பில் எவ்வளவு தசை இருக்கிறது என்பதையும் பொறுத்தது. அதனால்தான் வயதையும் பாலினத்தையும் சேர்த்து, சிறுநீரகம் ரத்தத்தை எவ்வளவு வடிகட்டுகிறது என்று கணக்குப் போடுகிறார்கள். அந்த மதிப்பீடுதான் ஈ.ஜி.எஃப்.ஆர். அதே 1.1 ஒரு 25 வயது இளைஞனுக்கு இருந்தால் ஈ.ஜி.எஃப்.ஆர். 95 வரும். உங்களுக்கு 55 வருகிறது. ‘நார்மல்’ என்று அச்சடித்திருப்பது எல்லா வயதுக்கும் பொதுவான எல்லையை வைத்து.

ஆனால் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்து நாள்பட்ட சிறுநீரக நோய் என்று யாரும் முத்திரை குத்தக் கூடாது. எண் 60-க்குக் கீழே 3 மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும், அல்லது சிறுநீரகத்தில் பாதிப்பு இருப்பதற்கான வேறு அடையாளம் அதே போல நீடிக்க வேண்டும். அந்த அடையாளங்களில் முக்கியமானது சிறுநீரில் போகிற ஆல்புமின் என்ற புரதம். ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம் ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நிம்மதி. 300-ஐத் தாண்டினால் கவலைப்பட வேண்டும். உங்கள் கடிதத்தோடு வந்த ரிப்போர்ட்டில் அந்தப் பரிசோதனையே இல்லை. செயலியும் அதைக் கேட்கவில்லை. அதைச் செய்துகொள்ளுங்கள், 3 மாதம் கழித்து ரத்தத்தையும் மறுபடி பாருங்கள்.

இந்த 55 ஏ.ஐ. தந்த எண் அல்ல என்பதையும் மகனிடம் சொல்லுங்கள். அது ஒரு சூத்திரம். ஆயிரக்கணக்கான மனிதர்களின் சிறுநீரகம் நிஜமாக எவ்வளவு வடிகட்டுகிறது என்று அளந்து, அதைக் கிரியாட்டினினோடு பொருத்திப் பார்த்துக் கண்டுபிடித்தது. அந்த ஆயிரக்கணக்கான மனிதர்கள் யார் என்பதுதான் நான் எந்த ஆராய்ச்சியைப் படித்தாலும் முதலில் தேடுகிற விவரம். அடுத்த கடிதம் அதைப் பற்றியது.

என் கிரியாட்டினின் 1.35-லேயே நிற்கிறது. 2021-ல் ஈ.ஜி.எஃப்.ஆர். 57 என்றார்கள். 2023-ல் அதே லேப் 60 என்கிறது. வயது கூடியிருக்கிறது, எண்ணும் கூடியிருக்கிறது. கிட்னி தேறிவிட்டதா?
*கணினிப் பொறியாளர், நியூஜெர்சி*

தேறவில்லை, மாறியது சூத்திரம்.

1999-ல் அமெரிக்காவில் வந்த பழைய சூத்திரம், உணவுக் கட்டுப்பாடு பற்றிய ஓர் ஆய்வில் இருந்த 1,628 சிறுநீரக நோயாளிகளின் அளவீடுகளிலிருந்து செய்யப்பட்டது. அதில் ஒரு பெருக்கல் எண் இருந்தது: நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை ஏறக்குறைய 1.2-ஆல் பெருக்க வேண்டும். 2009-ல் வந்த அடுத்த சூத்திரத்திலும் 1.159 என்று அது தொடர்ந்தது. கறுப்பினத்தவருக்குத் தசை அதிகம் என்று அதற்குக் காரணம் சொன்னார்கள். விளைவு என்ன தெரியுமா? ஒரே வயது, ஒரே கிரியாட்டினின் உள்ள இரண்டு பேரில் கறுப்பினத்தவரின் சிறுநீரகம் காகிதத்தில் நன்றாக இருப்பதாகத் தெரிந்தது. அமெரிக்காவில் ஈ.ஜி.எஃப்.ஆர். 20-க்கு இறங்கினால்தான் மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புக் காலம் எண்ணத் தொடங்கும். ஆகவே அவர்கள் வரிசையில் தாமதமாகச் சேர்ந்தார்கள்.

2021-ல் அங்குள்ள தேசிய சிறுநீரக அறக்கட்டளையும் அமெரிக்க நெஃப்ராலஜி சங்கமும் சேர்ந்து அமைத்த குழு, இனம் பார்க்காத புதிய சூத்திரத்தைப் பரிந்துரைத்தது. 2023 ஜனவரியிலிருந்து, வரிசையில் இருக்கிற கறுப்பின நோயாளிகளின் பழைய ரிப்போர்ட்டுகளைத் திரும்பத் தேடி, இழந்த காத்திருப்புக் காலத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று விதி வந்தது. 14,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு அப்படி நாட்கள் திரும்பக் கிடைத்தன. ஒரு சமன்பாட்டில் இருந்த ஒற்றை எண்ணால் இத்தனை பேர் பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு கனக்கிறது.

சூத்திரத்தை மறுபடி பொருத்தியபோது மற்றவர்களின் எண் சற்றே மேலே போனது. உங்கள் 57 அப்படித்தான் 60 ஆனது. இதை ‘நோய் போய்விட்டது’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நமக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. தசை குறைவாகவும் மாமிசம் குறைவாகவும் இருக்கிற உடம்பில் கிரியாட்டினின் இயல்பாகவே குறைவாக உற்பத்தியாகும். சண்டிகரில் இந்தியர்களை நேரடியாக அளந்து பார்த்த ஆய்வில், இந்தச் சூத்திரங்கள் சிறுநீரகத்தின் திறனை அதிகமாகக் காட்டுவது தெரிந்தது. சந்தேகம் வருகிற இடத்தில் சிஸ்டாட்டின்-சி என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனையைச் சேர்த்துப் பார்ப்பது நல்லது. அது தசையை அவ்வளவாகச் சார்ந்ததல்ல. நீங்கள் இருக்கும் இடத்தில் கேட்டால் செய்வார்கள்.

இறுதியாண்டு புராஜெக்டாக, 400 நோயாளிகளின் தரவை வைத்துச் சிறுநீரக நோயைக் கண்டுபிடிக்கிற கணினி மாடல் செய்திருக்கிறேன். 99 சதவீதம் துல்லியம் வருகிறது. இதை ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுக்க முடியுமா? எப்படி அணுகுவது?
*பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்*

தம்பி, உன் ஆர்வத்தை மதித்தே சொல்கிறேன்: இதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாதே. ஏன் என்று தெரிந்துகொண்டால் இதைவிட நல்ல வேலை ஒன்றை உன்னால் செய்ய முடியும்.

நீ எடுத்திருக்கும் தரவு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத் தரவுக் களஞ்சியத்திலிருந்து இறக்கியது என்று எழுதியிருக்கிறாய். அது எங்கிருந்து போனது என்று பார்த்தாயா? காரைக்குடியிலிருந்து. அங்கே ஒரு தனியார் மருத்துவமனைக்கு வந்தவர்களின் விவரங்களை அழகப்பா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் திரட்டி 2015-ல் பொதுவில் வைத்தார்கள். அதற்காக அவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். தரவைத் திறந்து கொடுக்கும் மனம் நம் ஊரில் எளிதில் கிடைப்பதில்லை. செட்டிநாட்டு மனிதர்களின் ரத்தத்தையும் சிறுநீரையும் வைத்து உலகம் முழுக்க மாணவர்கள் மாடல் கற்றுக்கொள்கிறார்கள். பிரச்சினை தரவில் இல்லை, அதை வைத்து நாம் சொல்லிக்கொள்கிற பெருமையில் இருக்கிறது.

அந்த 400 பேரில் 250 பேர் நோயாளிகள், 150 பேர் நோய் இல்லாதவர்கள். 24 விவரங்கள். அவற்றில் கிரியாட்டினின் இருக்கிறது, யூரியா இருக்கிறது, சிறுநீரில் ஆல்புமின் இருக்கிறது, ஹீமோகுளோபின் இருக்கிறது. டாக்டர் எதைப் பார்த்து ‘இது கிட்னி நோய்’ என்று முடிவு செய்தாரோ, அதே விவரங்களை மாடலிடம் கொடுத்து, அவருடைய முடிவைக் கேட்கிறாய். விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துப் பரீட்சை எழுதுவது போலத்தான் அது.

இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ப் பார். நோய் இல்லாத 150 பேரில் சர்க்கரை உள்ளவர் ஒருவராவது இருக்கிறாரா, ரத்தக்கொதிப்பு உள்ளவர் இருக்கிறாரா என்று தேடு. கிடைக்க மாட்டார்கள். ஆக, சர்க்கரை இருந்தாலே நோயாளி என்று உன் மாடல் கற்றிருக்கும். எங்கள் ஓ.பி.யில் கேள்வி அப்படி வருவதே இல்லை. வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோருக்குச் சர்க்கரை இருக்கும், பிரஷர் இருக்கும். அவர்களில் யாருடைய சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கிறது என்பதுதான் தெரிய வேண்டும்.

அப்புறம் காலியிடங்கள். 400 பேரில் 158 பேருக்குத்தான் எல்லா விவரமும் நிரம்பியிருக்கிறது, அதிலும் பெரும்பகுதி நோயில்லாதவர்கள். எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்பதை வைத்தே மாடல் பாதி ஊகித்துவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தத் தரவில் தேதி இல்லை. 3 மாதம் நீடித்தால்தான் நாள்பட்ட நோய் என்று திண்டுக்கல் டீச்சருக்கு மேலே எழுதியிருக்கிறேன். தேதியே இல்லாமல் அதை எப்படிச் சொல்வது?

‘துல்லியம்’ என்ற ஒற்றை எண்ணையும் நம்பாதே. 100 பேரில் 10 பேருக்கு நோய் என்று வை. எல்லோரையும் ‘நோயில்லை’ என்று சொல்லிவிடுகிற மாடலுக்கும் 90 சதவீதம் துல்லியம் கிடைத்துவிடும். அந்தப் பத்துப் பேரில் எத்தனை பேரைப் பிடித்தாய், நோயில்லாதவர்களில் எத்தனை பேரை வீணாகப் பயமுறுத்தினாய் என்று தனித்தனியாகச் சொல். உன் மாடல் பார்க்காத வேறொரு ஊர் மருத்துவமனையின் தரவில் சோதித்துச் சொல்.

உன் கல்லூரிக்குப் பக்கத்தில் மருத்துவக் கல்லூரி இருக்கும். அங்கே சமூக மருத்துவத் துறையில் போய்ப் பேசு. சர்க்கரை நோயாளிகள் வருடக்கணக்கில் வந்துபோகிற கிளினிக்கில் தேதியோடு கூடிய பதிவுகள் நோட்டுப் புத்தகங்களில் கிடக்கின்றன. நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கி, அவற்றை ஒழுங்காகக் கணினியில் ஏற்றுகிற ஒரு சின்ன மென்பொருள் செய்தாலே அது பெரிய ஆராய்ச்சி உதவி. பெயர் வராத வேலை என்று நினைக்காதே. எங்கள் குழுவில் வேலை நேரத்தில் பெரும்பகுதி இதற்குத்தான் போகிறது.

ஐ.சி.யு.வில் வேலை செய்கிறேன். காலையில் நன்றாகச் சிறுநீர் போனவருக்கு இரவில் நின்றுவிடுகிறது. இதை முன்கூட்டியே சொல்கிற ஏ.ஐ. வந்துவிட்டதாகப் படித்தேன். நிஜமா?
*ஸ்டாஃப் நர்ஸ், திருச்சி*

சிஸ்டர், பாதி நிஜம்.

2019-ல் கூகுளின் டீப்மைண்ட் நிறுவனமும் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் நலத் துறையும் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 7,03,782 பேரின் மருத்துவமனைப் பதிவுகளைக் கொடுத்து, திடீர் சிறுநீரகப் பாதிப்பை 48 மணி நேரம் வரை முன்னதாகச் சொல்லக் கணினியைப் பழக்கினார்கள். மொத்தப் பாதிப்புகளில் 55.8 சதவீதத்தை அது முன்கூட்டியே சொன்னது. டயாலிசிஸ் வரை போன மோசமான பாதிப்புகளில் 90.2 சதவீதத்தைப் பிடித்தது. ஒவ்வொரு நிஜ எச்சரிக்கைக்கும் இரண்டு பொய் எச்சரிக்கை வந்தது. அந்த நாளில் இது பெரிய சாதனை. இப்போதும் நான் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த ஏழு லட்சம் பேர் யார்? முன்னாள் ராணுவத்தினர். பெண்கள் 6.38 சதவீதம்தான். 2022-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அதே முறையில் மாடலை மறுபடி கட்டிச் சோதித்தபோது, பெண்களிடம் அதன் கணிப்பு ஆண்களிடம் இருந்ததைவிட மோசமாக இருந்தது. நம் வார்டுக்கு இதைக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பிரசவத்தில் ரத்தப்போக்கு வந்து சிறுநீர் நின்ற பெண் அந்தத் தரவில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? வயலில் கண்ணாடி விரியன் கடித்து வந்தவர்? எலிக்காய்ச்சலில் மஞ்சள் பூத்து வந்தவர்? மழைக்காலம் முடிந்தால் எங்கள் வார்டை நிரப்பியவர்கள் இவர்கள்தான்.

எச்சரிக்கை வந்தால் மட்டும் போதுமா என்பதையும் ஒரு ஆய்வு பார்த்திருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த 6 மருத்துவமனைகளில் 6,030 நோயாளிகள். இது ஏ.ஐ. கணிப்பு அல்ல, கிரியாட்டினின் ஏறியவுடன் டாக்டரின் கணினித் திரையில் ஓர் அறிவிப்பு, அவ்வளவுதான். பாதிப் பேருக்கு அறிவிப்பு, பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. 2021-ல் முடிவு வந்தது: அறிவிப்பால் நோய் முற்றுவதோ டயாலிசிஸோ மரணமோ குறையவில்லை. மாணவர்களுக்குக் கற்பிக்காத இரண்டு மருத்துவமனைகளில், அறிவிப்பு வந்தவர்களில் 15.6 சதவீதம் பேர் இறந்தார்கள், வராதவர்களில் 8.6 சதவீதம். காரணத்தை ஆய்வாளர்களாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அந்த முடிவைப் படித்த பிறகு, எந்த மாடலைப் பற்றிப் பேசினாலும் ‘மணி அடித்தபின் யார் என்ன செய்வார்கள்?’ என்று எங்கள் கூட்டங்களில் கேட்காமல் விடுவதில்லை. வலிமாத்திரையை, சிறுநீரகத்தைப் பாதிக்கிற ஆன்டிபயாட்டிக்கை உடனே நிறுத்த அதிகாரம் உள்ள ஒருவர் அந்த இரவில் வார்டில் இருக்க வேண்டும். நீங்கள் மணிக்கு மணி குறித்து வைக்கிற சிறுநீர் அளவுச் சார்ட்தான் இன்றைக்கு நம்மிடம் உள்ள நல்ல எச்சரிக்கை. நாளைக்கு நம் ஊருக்கென்று ஒரு மாடல் வந்தால், அது உங்கள் கையெழுத்திலிருந்துதான் கற்றுக்கொள்ளும். சார்ட்டில் ‘அளவு போதும்’ என்று எழுதாமல் மில்லி லிட்டரில் எழுதச் சொல்லி ஜூனியர்களைப் பழக்குங்கள்.

கண்ணைப் படம் எடுத்தே கிட்னி நோயைச் சொல்லிவிடலாமாமே? சர்க்கரைக்காக வருடா வருடம் கண் பரிசோதனை செய்கிறேன். சிறுநீர்ப் பரிசோதனை தேவையில்லையா?
*அரசுப் பேருந்து ஓட்டுநர், தேனி*

தேவை. சிங்கப்பூரில் நடந்த ஆய்வைத்தான் படித்திருப்பீர்கள். சீனர், மலாய்க்காரர், இந்தியர் என மூன்று சமூகத்தினரின் விழித்திரைப் படங்களை வைத்துக் கணினியைப் பழக்கி 2020-ல் வெளியிட்டார்கள். நம்மவர்களும் அதில் இருக்கிறார்கள் என்பதால் எனக்கு அதன் மேல் தனி அக்கறை உண்டு. விழித்திரையிலும் சிறுநீரகத்திலும் இருப்பது நுண்ணிய ரத்தக்குழாய்கள்தான். சர்க்கரையும் பிரஷரும் இரண்டையும் ஒன்றாகக் கெடுக்கின்றன. அதனால் படம் பேசுகிறது. ஆனால் அதே ஆய்வில், படமே பார்க்காமல் வயது, சர்க்கரை, பிரஷர் போன்றவற்றை மட்டும் வைத்துப் போட்ட கணக்கும் ஏறத்தாழ அதே அளவு கண்டுபிடித்தது. பழக்கும்போது சேர்க்காத வேறு மக்களிடம் சோதித்தபோது படத்தின் திறமை குறைந்தது. சிறுநீர்ப் பரிசோதனை போய்ச்சேராத இடங்களில் கண் முகாம் வழியாகச் சிலரையாவது பிடிக்க இது ஒரு நாள் உதவலாம். நீங்கள் வருடத்துக்கு ஒரு முறை ஆல்புமினையும் கிரியாட்டினினையும் பார்த்துக்கொண்டே இருங்கள்.

நோயைக் கண்டுபிடிப்பது இருக்கட்டும். புது மருந்துக்கு இந்த ஆராய்ச்சி ஏதாவது செய்கிறதா?
*உயிரியல் ஆசிரியர், நாகர்கோவில்*

செய்கிறது. எனக்கு மிகவும் நம்பிக்கை தருகிற பக்கம் இதுதான்.

சர்க்கரையால் வந்த கிட்னி நோய் என்று நாங்கள் ஒரே பெயரில் அழைப்பது உண்மையில் ஒரே நோய் அல்ல. ஒருவருக்குப் பத்து வருடத்தில் டயாலிசிஸ் வருகிறது, இன்னொருவருக்கு முப்பது வருடம் ஒன்றும் ஆவதில்லை. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் 2017-ல் தொடங்கிய சிறுநீரகத் துல்லிய மருத்துவத் திட்டத்தில், நோயாளிகள் தாங்களாகவே முன்வந்து ஆராய்ச்சிக்காகப் பயாப்ஸி கொடுக்கிறார்கள். ஊசியில் வருகிற அந்த நூலளவுச் சதையில் ஒவ்வொரு செல்லிலும் எந்த மரபணு விழித்திருக்கிறது, எது தூங்குகிறது என்று படிக்கிறார்கள். லட்சக்கணக்கான செல்கள், ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான எண்கள். மனிதக் கண்ணால் முடியாத வேலை. 2023-ல் வந்த அவர்களுடைய வரைபடத்தில் 51 முக்கியச் செல் வகைகளும், காயத்தில் மாறிப்போன 28 செல் நிலைகளும் அடையாளம் காணப்பட்டன. காயம்பட்ட செல்களில் சில ஆறுகின்றன, சில ஆறாமல் தழும்பை வளர்க்கின்றன. அந்த ஆறாத செல்லைத் திருப்ப முடியுமா என்பதுதான் இனி மருந்து தேடுகிற வழி.

மரபணுத் தரவு நேரடியாக மருந்து வரை போன கதையும் உண்டு. ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் சிறுநீரக நோய் ஏன் அதிகம் என்ற தேடலில் 2010-ல் ஏ.பி.ஓ.எல்.1 என்ற மரபணுவின் இரண்டு வடிவங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. அந்த மரபணு உண்டாக்குகிற புரதத்தை அடக்குகிற இனாக்சாப்ளின் என்ற மாத்திரையின் சிறிய சோதனை 2023-ல் வெளியானது: 13 பேரில் சிறுநீரில் போகிற புரதம் சராசரியாக 47.6 சதவீதம் குறைந்திருந்தது. சிறிய எண்ணிக்கைதான்; பெரிய சோதனைகள் வேண்டும். ஆனாலும் பாருங்கள், சூத்திரத்தில் ‘கறுப்பினம்’ என்று பொத்தாம்பொதுவாக ஒரு பெருக்கல் எண் போட்டது ஒரு வழி. அவர்களில் யாருக்கு, எந்த மரபணுவால், எப்படி நோய் வருகிறது என்று தேடியது இன்னொரு வழி. இரண்டாவது வழிதான் மருந்துக்குக் கொண்டுபோனது.

என் சித்தப்பாவுக்குச் சலரோகமும் (சர்க்கரை நோய்) இல்லை, பிரஷரும் இல்லை. வயல் வேலைதான் செய்தவர். 50 வயதில் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது. காரணம் தெரியாத சிறுநீரக நோய் என்று வைத்தியசாலையில் சொல்கிறார்கள். இத்தனை வருடமாகியும் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லையா? செயற்கை நுண்ணறிவால் முடியாதா?
*வவுனியா வாசகி*

உங்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது, அம்மா. 1990-களில் அநுராதபுரம், பதவியா, மதவாச்சிப் பக்கம் நெல் விவசாயிகளிடம் இது தெரிய ஆரம்பித்தது. ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் உத்தானம் பகுதி, மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்கள் என்று வெயிலில் உடலுழைப்பு செய்கிறவர்களையே இது தேடிப் போகிறது. கிணற்று நீரின் கடினத்தன்மை, ஃபுளோரைடு, பூச்சிமருந்து, களைக்கொல்லி, வெப்பத்தால் உடல் நீர் வற்றுவது என்று ஒவ்வொன்றின் மேலும் சந்தேகம் விழுந்தது. இலங்கை 2015-ல் கிளைபோசேட்டைத் தடையும் செய்தது.

கணினியால் கிணறுகளின் வரைபடத்தையும் நோயாளிகளின் வரைபடத்தையும் வெப்பநிலைப் பதிவுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பொருத்தம் பார்க்க முடியும். சிக்கல் எங்கே என்றால், கஷ்டப்பட்ட விவசாயி ஒருவருடைய வாழ்க்கையில் இவை எல்லாமே ஒன்றாகத்தான் இருக்கின்றன. அவர்தான் கடின நீரைக் குடிக்கிறார், அவர்தான் மருந்து தெளிக்கிறார், அவர்தான் வெயிலில் நிற்கிறார். எதைப் பொருத்தினாலும் பொருந்தும். எந்த அல்காரிதமும் அந்த முடிச்சைப் பின்னாலிருந்து அவிழ்க்க முடியாது. நோய் வருவதற்கு முன்பே இளைஞர்களைச் சேர்த்து, வருடா வருடம் ரத்தமும் சிறுநீரும் நீரும் வேலை நேரமும் பதிந்துகொண்டே போனால்தான் எது முதலில் வந்தது என்று தெரியும். அப்படிப் பின்தொடரும் ஆய்வுகள் தொடங்கியது நோய் தெரிந்து வெகுகாலம் கழித்துத்தான்.

காரணம் முழுதாகத் தெரியும் வரை கையைக் கட்டிக்கொண்டிருக்கவும் வேண்டாம். நிகரகுவாவில் கரும்பு வெட்டுபவர்களுக்கு நிழல், கட்டாய ஓய்வு, குடிநீர் என்று ஏற்பாடு செய்து கண்காணித்ததில் சிறுநீரகக் காயம் குறைந்தது. உங்கள் வீட்டில் வயலுக்குப் போகிற இளைஞர்கள் இருந்தால் வருடம் ஒரு முறை கிரியாட்டினின் பார்க்கச் சொல்லுங்கள். உச்சி வெயிலில் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். உடம்பு வலிக்கிறது என்று தினமும் வலிமாத்திரை போடுவதைக் கட்டாயம் தடுங்கள்.

அப்பாவுக்கு எப்போது டயாலிசிஸ் தேவைப்படும் என்று கணினி சொல்லுமா? பணம் சேர்க்க வேண்டியிருக்கிறது.
*பனியன் கம்பெனித் தொழிலாளி, திருப்பூர்*

தேதி சொல்லாது, வாய்ப்பு எவ்வளவு என்று சொல்லும். அதற்குப் பெரிய ஏ.ஐ. வேண்டாம். 2011-ல் கனடாவில் செய்த ஒரு சூத்திரம் இருக்கிறது: வயது, பாலினம், ஈ.ஜி.எஃப்.ஆர்., சிறுநீர் ஆல்புமின் விகிதம் என்று நான்கே விவரம். 2 வருடத்தில், 5 வருடத்தில் சிறுநீரகம் செயலிழக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று தரும். பிறகு 30-க்கும் மேற்பட்ட நாடுகளில், 7 லட்சத்துக்கும் அதிகமானவர்களிடம் சோதித்தார்கள். வட அமெரிக்காவுக்கு வெளியே அது வாய்ப்பைக் கூட்டிக் காட்டியதால், மற்ற நாடுகளுக்கென்று திருத்திய வடிவமும் உண்டு. உங்கள் டாக்டரிடம் அந்த வடிவத்தில் கணக்கிடச் சொல்லுங்கள். 2 வருட வாய்ப்பு 40 சதவீதத்தைத் தாண்டினால் கையில் ஃபிஸ்துலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைக்கிற அறுவை சிகிச்சை), மாற்றுச் சிறுநீரகம் பற்றிப் பேச வேண்டிய நேரம். அதற்குக் கீழே என்றால், அந்த வாய்ப்பை இன்னும் குறைக்கிற மாத்திரைகள் இன்றைக்கு இருக்கின்றன. பணத்தை முதலில் அவற்றுக்குச் செலவிடுங்கள்.

என் ரிப்போர்ட்டுகளை ஏ.ஐ. ஆராய்ச்சிக்குப் பயன்படுத்த ஆஸ்பத்திரியில் கையெழுத்து கேட்கிறார்கள். போடலாமா?
*மளிகைக் கடை உரிமையாளர், சேலம்*

போடுங்கள் என்பதுதான் என் விருப்பம். நம்மைப் போன்றவர்களின் விவரம் இல்லாத மாடல் நம்மைத் தவறாகத்தான் கணிக்கும் என்று இவ்வளவு நேரம் எழுதியிருக்கிறேன். ஆனால் கேள்வி கேட்டுவிட்டுப் போடுங்கள்.

லண்டனில் ராயல் ஃப்ரீ மருத்துவமனை அறக்கட்டளை, சிறுநீரகப் பாதிப்பைக் கண்டறிகிற செயலிக்காக 16 லட்சம் நோயாளிகளின் பதிவுகளை டீப்மைண்ட் நிறுவனத்துக்குக் கொடுத்தது. நோயாளிகளுக்கு அது சரியாகத் தெரிவிக்கப்படவில்லை. தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அது இணங்கவில்லை என்று 2017-ல் பிரிட்டனின் தகவல் ஆணையர் முடிவு சொன்னார். செயலியின் நோக்கம் நல்லதுதான். கேட்காமல் எடுத்ததுதான் பிழை.

நம் நாட்டில் 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. மருத்துவத்தில் ஏ.ஐ.யைப் பயன்படுத்துவதற்கான நெறிமுறைகளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அதே வருடம் வெளியிட்டது. படிவம் தமிழில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தமிழில் கேளுங்கள். பெயரும் போன் நம்பரும் நீக்கப்படுமா, தரவு வெளி நிறுவனத்துக்குப் போகுமா, பிறகு மனம் மாறினால் விலகலாமா என்று கேளுங்கள். கையெழுத்து போடாவிட்டாலும் உங்கள் சிகிச்சை அப்படியே தொடர வேண்டும். அதில் ஏதாவது மாற்றம் தெரிந்தால் மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவுக்கு எழுதுங்கள். அந்தக் குழுவின் தொடர்பு எண் நீங்கள் கையெழுத்திடும் படிவத்திலேயே இருக்க வேண்டும்.